இரண்டு கிலோ நீலம்

காலை 9.10. விளாங்குடி சாயப்பட்டறையின் மருந்து அறையில் நீலப்பொடி டின்னைக் காணோம். இரண்டு கிலோ.

பூட்டு உடையவில்லை. காணாமல் போனது தங்கமாக இருந்தால் அழுதுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். இதுவோ மூச்சில் போனால் புற்றுநோய் தரக்கூடிய பழைய சரக்கு. கழிவு வண்டியில் அனுப்பிவிடச் சொல்லிப் பாதுகாப்பு அதிகாரி சரண்யாதேவியின் வாய் வலித்ததுதான் மிச்சம். முதலாளி சேக் இஸ்மாயிலுக்கு மனசு வரவில்லை. சித்திரைத் திருவிழா ஆர்டரில் கரைத்துத் தீர்க்க, இன்று பத்து மணிக்கு நேரம் குறித்திருந்தார்.

"சாவி பரீத் இடுப்புல இருக்கு. வேற யாரு எடுப்பா? போலீஸுக்குப் போன் போடுறேன்," என்றார்.

ஸ்டோர் கீப்பர் பரீதுக்குக் கண் கலங்கிவிட்டது. "அல்லா மேல ஆணை பாய், நான் எடுக்கல. இன்னொரு சாவி உங்க மேசைக்குப் பின்னால ஆணியில தொங்குது. ஊருக்கே தெரியும்."

"அரை மணி நேரம் குடுங்க பாய்," என்றாள் சரண்யா.

9.20. அறைத் தரையில் ஈரத்துணி இழுத்த தடம் இருந்தது. அலமாரித் தட்டில் டின் இருந்த இடத்தில் துருவின் வட்டம். ஐந்து மாஸ்க்குகளில் ஒன்று மட்டும் கழுவிக் காயப் போடப்பட்டிருந்தது.

போன வாரம் அவற்றை எல்லோருக்கும் மாட்டிப் பார்த்தவள் அவள்தான். தாடிக்கார சாய மாஸ்டர் சிவபாண்டிக்கு மட்டும் முகத்தில் ஒட்டவில்லை. "இடுக்கு இருந்தா மாஸ்க் போட்டும் பிரயோசனம் இல்ல மாஸ்டர், இந்த ரூமுக்கே வராதீங்க," என்றிருந்தாள். புள்ளை நல்லபடியாகப் பிறக்க அழகருக்கு நேர்ந்த தாடியாம் அது.

9.30. வாட்ச்மேன் சோணை.

"காலையில முதல்ல வந்தது?"

"பாய்லர் பத்தவைக்க சிவபாண்டி, ஆறு மணிக்கு. ஆள் தெரியாம, யாருப்பா நீன்னு நிப்பாட்டிட்டேன்."

"பரீத்?"

"ஒம்பதுக்குத்தான்."

9.35. சிவபாண்டியின் மனைவி தங்கப்பொண்ணு. ஐந்து மாதக் கர்ப்பிணி. பொடி நிறுப்பவள்.

"இன்னைக்கு நீலம் நிறுக்கறது?"

"நாந்தேன். மாட்டேன்னா கூட வேலை பாக்குற ஜெயக்கொடி அக்கா தலையில விழும்."

9.40. எல்லோரும் ஆபீஸ் அறையில்.

"திருடன் எடுத்தமா ஓடுனமான்னு இருப்பான். இந்த ஆளு தூசி பறக்காம ஈரத்துணியால தரையைத் துடைச்சிருக்காரு," என்ற சரண்யா திரும்பினாள். "திருவிழாவுல முடி இறக்க இன்னும் பதினஞ்சு நாள் இருக்கே. தாடி எங்க மாஸ்டர்?"

"வெயிலுக்கு எடுத்துட்டாருன்னுல்ல நெனச்சேன்!" என்றான் பரீத். காலையிலிருந்து எல்லோரும் பார்த்திருந்தார்கள், ஏன் என்று ஒருவரும் கேட்டிருக்கவில்லை.

சிவபாண்டி தலை நிமிர்ந்தான். "டின்ன நாந்தேன் எடுத்தேன் பாய். மாஸ்க் முகத்துல ஒட்டணும்னு தாடிய வழிச்சேன். டின்னு அடியில துருப்பிடிச்சு ஒழுகுது. வேணாம்னு ரெண்டு தடவ சொன்னேன், கேக்கல. இவ இல்லைன்னா ஜெயக்கொடி, ரெண்டும் உசுருதான? ரெண்டு கவர்ல கட்டி, மூடி போட்ட ட்ரம்முல வச்சு, கழிவுக் கொட்டகையில பூட்டியிருக்கேன். பரீது மேல பழி விழும்னு யோசிக்கல. அது என் தப்பு."

சேக் இஸ்மாயிலுக்கு வெட்கமாக இருந்தது. பரீதின் தோளில் கை வைத்தார். "மன்னிச்சுக்கப்பா." பிறகு கழிவு வண்டிக்குப் போன் போட்டார்.

"நேர்த்திக்கடனைப் பாதியில விட்டுட்டியே, அழகர் கோவிச்சுக்க மாட்டாரா?" என்று சிவபாண்டியிடம் கேட்டார்.

சிவபாண்டி மோவாயைத் தடவிக்கொண்டான். "புள்ளைக்காக வளத்தேன், புள்ளைக்காக எடுத்தேன். அவருக்குத் தெரியாதா பாய்?"

மணி பத்து. தராசுக்கு அன்று வேலை இல்லை.