பாலத்தடியில் ஏழு மணி

சிராங்கூன் ரோட்டில் மழை சட்டென்று பிடித்துக்கொண்டது. தலையில் கோணிச்சாக்கைப் போட்டுக்கொண்டு ஓடிவந்த சேதுபதி, மளிகைக் கடை முகப்பின் கீழ் ஒதுங்கினான். ஒதுங்கியவன் அப்படியே நின்றுவிட்டான்...

எதிரே காக்கி!

காக்கிக் கோட்டு. காக்கித் தொப்பி. முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது அந்த உருவம்.

யோசிக்க நேரமில்லை. இரண்டு கையையும் தொடையோடு ஒட்டி, இடுப்பை மடக்கிக் குனிந்துவிட்டான். ஜப்பான்காரன் வந்து ஒன்றரை வருடத்தில் ஊரே படித்த பாடம் அது. குனியாதவனுக்குக் கன்னத்தில் அறை. சேதுபதி இரண்டு தரம் வாங்கியிருக்கிறான். போகச் சொல்லும்வரை நிமிரவும் கூடாது.

யாரும் போகச் சொல்லவில்லை. மழை மட்டும் பெய்தது...

"எவ்வளவு நேரம் இப்பிடியே நிக்கப் போறீங்கள்?"

பெண் குரல்! அதுவும் தமிழில்!

மெல்லத் தலையைத் தூக்கினான். தொப்பிக்குக் கீழே இரண்டு கண்கள்... மழை கழுவிவைத்த மாதிரி கறுகறுவென்று, சிரிப்பை அடக்கத் தெரியாமல் தவிக்கிற கண்கள்.

"இது என்ர அண்ணன்ர மழைக்கோட்டு. நான் பட்டாளம் இல்லை, ஆஸ்பத்திரி நர்ஸ்."

"அதை முதல்லயே சொல்றதுக்கு என்ன, மிஸ்ஸி?"

"வாழ்க்கையில ஒரு ஆம்பிளை எனக்கு மரியாதை செய்யிறார்... கொஞ்சம் அனுபவிச்சுப் பார்ப்பமே எண்டு நினைச்சன்."

கோபம் பொத்துக்கொண்டு வந்தது அவனுக்கு. பதிலுக்கு நாலு வார்த்தை கேட்கத்தான் வாயைத் திறந்தான். நெஞ்சு படபடவென்று அடித்தது. விரல் நுனிகள் மரத்துப்போயின. தூணைப் பிடித்துக்கொண்டான்.

அவள் சிரிப்பு நின்றது. அவன் மணிக்கட்டைப் பிடித்து, கோட்டுக்குள்ளிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்த்தாள். மழைக் குளிரில் சில்லிட்ட விரல்கள்... அதற்கே இன்னும் பத்து அடி கூடுதலாக அடித்திருக்கும் அந்த நெஞ்சு!

"அடிக்கடி வருமோ?"

"காக்கியப் பாத்தா வரும். பாலத்துல சென்ட்ரியப் பாத்தா செத்துருவேன்னு தோணும். இதய நோவு, மிஸ்ஸி. எங்கப்பாவும் இதுலதான் போனாரு."

"இதயம் நல்லாத்தான் இருக்கு. இது பயம்."

"பயமா? எனக்கா? ரெண்டு மூட்டை அரிசிய ஒரே தூக்கா..."

"மூட்டை உங்களை அறையிறதில்லையே!"

யாரிடமும் சொல்லாததை அன்றைக்குச் சேதுபதி அவளிடம் சொன்னான். பாலத்தில் துப்பாக்கியோடு நிற்கும் காவல்காரனுக்குப் பயந்து, தினமும் இரண்டு மைல் சுற்றி வேலைக்குப் போகிறான். மூட்டை தூக்கும் கிடங்குக்குத் தாமதமாகிறது. அடுத்த மாதப் பிறப்பிலிருந்து ஒரே ஒரு நாள் பிந்தினாலும், சயாமில் ரயில் பாதை போட ஆள் அனுப்பும் பட்டியலில் அவன் பெயர் ஏறும் என்று கங்காணி செல்லக்கண்ணு சொல்லிவிட்டார். போனவர்களிடமிருந்து இதுவரை ஒரு கடிதம் வரவில்லை...

"மாசம் பிறக்க இன்னும் மூண்டு கிழமை இருக்கு," என்றாள் அவள். "பயத்தைப் போக்க அது காணும். என்ர பேர் இராசமலர். நாளைப் பின்னேரம் ரேஸ் கோர்ஸ் ரோட்டுக்கு வாங்கோ. எங்கட வீட்டுக்குப் பின்னால மரவள்ளித் தோட்டம் இருக்கு."

"மருந்து குடுப்பீங்களா?"

"இருந்த மருந்தெல்லாம் அவங்கள் அள்ளிக்கொண்டு போயிட்டாங்கள். நடக்கக் குடுப்பன்!"

நடக்கத்தான் கொடுத்தாள். மரவள்ளி வரிசைக்கு நடுவே, நாலு அடி எடுத்துவைக்கும்வரை மூச்சை இழுக்கவேண்டும், ஆறு அடிக்கு மெல்ல விடவேண்டும். சின்னப் பிள்ளை விளையாட்டு என்று முனகிக்கொண்டே நடந்தான். பீடியைப் பாதியாகக் குறைக்கச் சொன்னாள். அதற்கு முனகல் பலமாகவே வந்தது. சம்சுச் சாராயத்தை அறவே விடச் சொன்னபோது இரண்டு நாள் அவன் அந்தப் பக்கமே வரவில்லை. மூன்றாம் நாள் வந்தான்... குடிக்காமல்.

"ஏன் வந்தனீங்கள்?"

"தூக்கம் வரல, மிஸ்ஸி. அதான் சண்டை போடலாம்னு வந்தேன்."

வந்தவன் சும்மா நிற்கவில்லை. அவள் கண்ணுக்குக் கீழே படிந்திருந்த கருமையைப் பார்த்துக் காரணம் கேட்டான். ஊருக்கெல்லாம் தைரியம் சொல்கிறவள், குண்டு விழுந்த நாளிலிருந்து இரவில் நாலைந்து தரம் எழுந்து கதவுத் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்க்கிறாள் என்று அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. மண்வெட்டியை எடுத்து அவள் கையில் கொடுத்தான்.

"நானோ? கொத்தவோ?"

"உடம்பு அலுத்தா மனசும் படுத்துரும். நான் முப்பது வருசமா உழைச்சுப் படிச்ச படிப்பு இது. குனிஞ்சு கொத்துங்க... முதுக மடக்காதீங்க, முழங்கால மடக்குங்க!"

ஒரு வாரம் கழித்து அவள் வேலிவரை ஓடிவந்தாள். நாற்பது வயதுக் கண்கள் பத்து வயதுக் கண்களாய் மின்னின.

"நேற்று இராத்திரி ஒருக்காத்தான் எழும்பினனான்!"

வேறொரு பெண் பட்டுப்புடவை காட்டிச் சிரித்திருந்தால்கூட சேதுபதிக்கு இப்படி ஆகியிருக்காது. மனைவி போய்ப் பன்னிரண்டு வருடமாகப் பூட்டியிருந்த ஏதோ ஒன்று நெஞ்சில் அசைந்தது. இந்த அடிப்பு வேறு... இது பயமில்லை என்று அவனுக்கே தெரிந்தது.

மாதம் பிறப்பதற்கு முதல் நாள் அவளே சொன்னாள்.

"நாளைக்குக் காலமை ஏழு மணிக்குப் பாலத்தடியில நிப்பன். சேர்ந்து கடப்பம்."

மறுநாள் தலைவாரி, வெளுத்த சட்டை போட்டு, ஏழு மணிக்குப் பாலத்தடியில் நின்றான். வெயில் ஏறியது. அவள் வரவில்லை... சைக்கிள்கள் போயின. அவள் வரவில்லை... அண்ணன் கிளார்க்கு. அவர் தங்கைக்கு ஒரு மூட்டைத்தூக்கியோடு நடுத்தெருவில் நடக்க வெட்கம். தோட்டத்து மறைவில் பேசுவது வேறு, நாலு பேர் பார்க்க நடப்பது வேறு. அப்படித்தானே?

இனிச் சுற்றிப் போனால் நேரம் தவறும். நேரம் தவறினால் சயாம்.

நடந்தான். நாலு அடிக்கு மூச்சை இழுத்தான். ஆறு அடிக்கு விட்டான். காவல்காரன் முன் நின்று குனிந்தான். துப்பாக்கி முனைக் கத்தி அவன் சோற்றுப் பொட்டலத்தைத் தொட்டது. நெஞ்சு குதித்தது... குதிக்கட்டும், குதித்துவிட்டு அடங்கும் என்று அவளே சொல்லியிருக்கிறாள். பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினான். வெந்த மரவள்ளி. காவல்காரன் முகத்தைச் சுளித்துக்கொண்டு போகச் சொன்னான்.

சங்கு ஊதுமுன் கிடங்கில் நின்றான். செல்லக்கண்ணு ஒரு தரத்துக்கு இரண்டு தரம் அவனைப் பார்த்தார். ஆனால் ஜெயித்த சந்தோஷத்தைப் போய்ச் சொல்ல ஆளில்லாமல் போயிற்றே...

நாலு நாள் பாலத்தைத் தனியாகவே கடந்தான். ஐந்தாம் நாள் மாலை, கொட்டுகிற மழையில், அவள் வீட்டு வாசற்கதவைத் தட்டினான். இனி ஒளிவு மறைவு வேண்டாம்.

கதவைத் திறந்தவர் அண்ணன் பேரின்பநாயகம். மேலும் கீழும் பார்த்தார்.

"நீர்தானோ அந்த மூட்டை தூக்கிற ஆள்? நாலு நாளாய் என்ர தங்கச்சி ஒழுங்காச் சாப்பிடேல்லை. உம்மை எனக்குப் பிடிக்கேல்லை. ஆனா அவள் பட்டினி கிடக்கிறது அதைவிடப் பிடிக்கேல்லை. உள்ள வாரும்."

இராசமலர் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஏன் வரேல்லை?" என்றாள்.

"நானா வரல? ஏழு மணிலேருந்து நின்னேன். வெயில் மண்டையப் பொளந்துச்சு!"

"பொய்! ஏழு மணிக்கு ஏது வெயில்? கும்மிருட்டு. தனியா முக்கால் மணித்தியாலம் நிண்டனான். காவல்காரன் விளக்கை முகத்தில அடிச்சுப் பார்த்தான். வேலைக்கு நேரமாச்சுதெண்டு அழுதுகொண்டு போனனான்..."

இருவரும் ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள்.

ஜப்பான்காரன் வந்ததும் ஊர்க் கடிகாரங்களை ஒன்றரை மணி முன்னே தள்ளித் தோக்கியோ நேரமாக்கியிருந்தான். ஆஸ்பத்திரி அந்த நேரத்தில் ஓடியது. கிடங்குச் சங்கை நம்பி வாழ்ந்த சேதுபதி, தன் அறையிலிருந்த பழைய கடிகாரத்தை வீம்புக்குத் தொடவே இல்லை.

"உங்கட மணிக்கூட்டில ஏழெண்டால் எங்கட எட்டரை!" அவள் தலையில் கைவைத்தாள். அவன்தான் முதலில் சிரித்தான். உள்ளே அண்ணன் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது.

"பாலத்த நான் தனியாவே தாண்டிட்டேன், மிஸ்ஸி. அஞ்சு நாளா. இனிமே எனக்குத் துணை தேவையில்ல."

அவள் கண்ணில் இருந்த சிரிப்பு அணைந்தது. "நல்லது... அதுக்குத்தானே சொல்லித் தந்தனான்."

"முழுசாக் கேளுங்க. பயத்துக்குத் துணை வேணாம். பயம் போனப்புறமும் பக்கத்துல நீங்க நடக்கணும்னு இருக்கு. மருந்தா இல்ல... மனைவியா."

மழை கூரையில் கொட்டியது. சேதுபதி மூச்சை எண்ணவில்லை. எண்ணத் தோன்றவில்லை.

"நான் இன்னமும் ஒருக்கா எழும்பித் தாழ்ப்பாளைப் பார்ப்பன்," என்றாள் கடைசியில், தரையைப் பார்த்தபடி.

"பாருங்க. நானும் முழிச்சுக்கிட்டு வெளக்கப் புடிக்கிறேன்."

அவள் நிமிர்ந்தாள். அந்தக் கண்கள் நிறைந்திருந்தன... ஆனாலும் சிரித்தன.

"எனக்கும் உங்களைப் பிடிக்கும், சேதுபதி. நீங்கள் மூண்டாம் நாள் சண்டை போட வந்தீங்களே... அண்டைக்கிருந்தே."