யாரும் ‘போதும்’ சொல்லாத பாடம்

திரையில் அக்காவின் முழங்கை நேற்று இருந்த இடத்தில் இல்லை. கொஞ்சம் இறங்கியிருந்தது. ஒரே காட்சி திரும்பத் திரும்ப ஓடும் வீடியோ அது. மாற வழியே இல்லை. கண்தான் பூத்துப்போயிற்று என்று தங்கை சலித்துக்கொண்டாள். நாள் முழுக்க வெட்டுவதும் ஒட்டுவதுமாக இருந்தால் வேறென்ன ஆகும்? ஆறிப்போன காப்பி வாடையும் சூடேறிய கம்ப்யூட்டர் வாடையும் பல வாரமாக அந்த அறையைவிட்டுப் போகவே இல்லை.

ஓவிய வாத்தியார் வகுப்பில் நேரில் நடத்திய பாடங்களை, அவரவர் வீட்டிலிருந்து அவரவர் வேகத்தில் படிக்கும் ஆன்லைன் பாடங்களாக மாற்றுவது அவள் வேலை. மனித உருவம் வரையும் பாடத்துக்கு ஆள் கிடைக்கவில்லை. அக்காவைக் கெஞ்சிக் கூத்தாடி நிற்க வைத்தாள்.

“பஸ்ஸுக்கு நின்னு நின்னு பழகின உடம்புடி இது. எனக்கா கஷ்டம்?” என்று சிரித்தாள் அக்கா.

முதல் பாடத்தில் வலது கை தலைக்கு மேல். இரண்டாம் பாடத்தில் கழுத்தைத் திருப்பித் தோளுக்குப் பின்னால் பார்க்க வேண்டும். வாத்தியார் “போதும்மா” என்று சொல்லும்வரை நிற்பவர் அசையக் கூடாது. அதுதான் வகுப்பின் வழக்கம். ஆனால் ஆன்லைனில் யாரையும் அவசரப்படுத்தக் கூடாது என்றார் மேலதிகாரி. தங்கை அந்தப் ‘போதும்மா’க்களைத் தேடித் தேடி வெட்டினாள். இடம் போதாமல் மூல வீடியோக்களையும் அழித்துத் தொலைத்தாள்.

பாடம் வெளியான நாளிலிருந்து அக்கா புலம்பிக்கொண்டிருந்தாள். “தோள் விண்ணு விண்ணுன்னு தெறிக்குதுடி. கையைத் தூக்கினா இறங்க மாட்டேங்குது.”

“மருந்து தடவிக்கோக்கா. எனக்குத் தலைக்கு மேல வேலை கெடக்கு.” திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல்தான் சொன்னாள்.

இப்போது ஹெட்ஃபோனில் மூச்சு கேட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு விடும் மூச்சு. ஆனால் இந்தக் காட்சிக்கு ஒலியே கிடையாதே! ஹெட்ஃபோனைக் கழற்றினாள்.

மூச்சு நிற்கவில்லை. சமையலறையிலிருந்து வந்தது.

விளக்கில்லை. குழாய் திறந்தபடி ஓடிக்கொண்டிருந்தது. அக்கா நின்றிருந்தாள். வலது கை தலைக்கு மேல். விரல்கள் வெளுத்திருந்தன.

“ஐயோ, அக்கா! இறக்கு!”

இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. பதறிப்போய் வாத்தியாரை போனில் பிடித்தாள். ஸ்பீக்கரில் அவர் குரல் குழம்பியபடி வந்தது: “போதும்மா, இறக்கிக்கோ.”

அக்காவின் கன்னத்தில் கண்ணீர்தான் இறங்கியது.

“அவர் எனக்குச் சொல்லி என்னடி? வரையறவங்களுக்கில்ல கேக்கணும்?”

தங்கை ஓடினாள். பாடத்தை நீக்கினாள். ஓடி வந்தாள். கை இறங்கவில்லை. எத்தனை பேர் ஏற்கெனவே டவுன்லோட் செய்து வைத்திருக்கிறார்களோ!

“மன்னிச்சிடுக்கா... நான்தான்... நான்தான் வெட்டினேன்...”

“தெரியும்டி.” அக்காவின் குரலில் கோபமில்லை, களைப்பு மட்டுமே இருந்தது. பிறகு அவள் கண்கள் விரிந்தன. “யாரோ ரெண்டாம் பாடத்துக்குப் போறாங்க.”

அக்காவின் முகம் தங்கையை விட்டு மெல்லத் திரும்பியது. தோள்வரை வந்தது.

போதும் என்று யாரும் சொல்லவில்லை.

தோளைத் தாண்டியும் திரும்பிக்கொண்டே இருந்தது.