ஆபீஸ் கதவில் ஒட்டிய பாடம்

1943. மலாயாவில் ரெம்பாவ் பக்கத்து ரப்பர்த் தோட்டம். காலை ஏழு இருபது. ஜப்பான்காரன் வைத்த டோக்கியோ மணி, கண்ணுகளா; வெளியே இன்னும் விடியவில்லை.

ஆள் கணக்குக் கொடுக்கப் பெரட்டுக்கு வந்த கூட்டம் ஆபீஸ் கதவைப் பார்த்து நின்றுவிட்டது. பென்சிலில் இங்கிலீஷ் எழுதிய காகிதம் ஒன்று அதில் ஒட்டியிருந்தது. இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தால் ஜப்பான் ராணுவம் பிடித்துக்கொண்டு போகும். எட்டு மணிக்கு ராணுவ லாரி வரவிருந்தது.

பெரிய கங்காணி மாயாண்டி விளக்கை உயர்த்தினார். "என்ன எழுதியிருக்கு, கிராணியாரே?"

தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி அமிர்தலிங்கம் மெதுவாகப் படித்துச் சொன்னார். "'அவன் எனக்கு ரேடியோ லென்ட் பண்ணான். நான் அவன்கிட்ட ரேடியோ பாரோ பண்ணேன்.' இரவல் கொடுக்கிறது லென்ட். இரவல் வாங்குறது பாரோ. நாம ரெண்டுக்கும் இரவல்னே சொல்றமா, அதான் குழம்பிப்போவாங்க. எழுதிப் பழகினதுங்க."

"ரேடியோ எங்க?" என்றார் ஸ்டோருக்குப் பொறுப்பான மண்டோர் நல்லசாமி.

"ரேடியோவே இல்ல. உதாரணம்."

"ஜப்பான்காரன்கிட்ட உதாரணம்னு சொல்லிப் பாருங்கலா. யார் எழுத்து?"



"கிழிச்சிடலாமே," என்றது ஒரு குரல்.

"ஒட்டினவன் போய்ச் சொன்னா என் தலைதான் போகும்," என்றார் மாயாண்டி. "முதல்ல அவன் யாருன்னு தெரியணும்."

பால்வெட்டுக்காரி பஞ்சாலை முன்னால் வந்தாள். எழுத்து அவளுடையது. திருத்தித் தரச் சொல்லி நேற்று மாலை கிராணியின் மேசையில் வைத்துவிட்டுப் போனது. காகிதத்தின் ஓரத்தைத் தொட்டாள், ஈரம். விரலை முகர்ந்தாள், கண்ணில் நீர் முட்டியது.

"நீ ஏன் புள்ள அழுவுற?" என்றார் நல்லசாமி.

7.40.

"கங்காணியாரே, இத எதால ஒட்டியிருக்கு?"

"ரப்பர் பால்தான். மரவள்ளி திங்கவே பத்தல, அதுல எவன் பசை காய்ச்சுவான்?"

"எப்ப எடுத்த பால்?"

மாயாண்டி விளக்கைக் காகிதத்துக்குக் கிட்டே கொண்டுபோனார்.

"ரெண்டு நாளா மழை," என்றாள் பஞ்சாலை. "நனைஞ்ச மரத்த யாரும் வெட்டல. வெட்டினாலும் பால் மழைத் தண்ணியோட பட்டையில வழிஞ்சிரும். முந்தி எடுத்த பால் அன்னைக்கே உறைஞ்சிருக்கணும். இது இன்னும் தண்ணியா இருக்கு. மோந்து பாருங்க."

மாயாண்டி குனிந்தார். அவர் கண்ணும் கலங்கியது. "அமோனியா."

"அது ஊத்தி வச்ச பால்தான் உறையாது. அமோனியா ஸ்டோர்ல பூட்டிக் கிடக்கு. சாவி ஒருத்தர் இடுப்புலதான் தொங்குது. மண்டோரே, நீங்கதான் ஒட்டினது."

நல்லசாமியின் கை இடுப்புக்குப் போனது. சாவியைப் பொத்திக்கொண்டு சொன்னார்: "கிராணிக்கு அரிசி கூடுதலா வருது. அவர் போனா அது எனக்கு வரும்னு நெனச்சேன். என் வீட்டுலயும் அஞ்சு வாய் இருக்கு."

7.52. தூரத்தில் லாரிச் சத்தம்.

"ஒட்டினத நீயே எடு," என்றார் மாயாண்டி. "நீ போய்ச் சொல்லி, காகிதம் எங்க கிடைச்சதுன்னு ஜப்பான்காரன் கேட்டா, உன்னைத்தான் கை காட்டுவேன்."

நல்லசாமி நகத்தால் சுரண்டினார். துண்டு துண்டாகத்தான் வந்தது. மறைக்க இடமில்லை. ஒவ்வொன்றாக வாயில் போட்டு விழுங்கினார்.

லாரி நின்றது. எல்லோரும் குனிந்தார்கள். ஏதாவது சேதி உண்டா என்று அதிகாரி மலாயில் கேட்டான்.

"ஒண்ணுமில்ல, துவான்." முதலில் சொன்னவர் நல்லசாமிதான். அவர் உதட்டோரம் வெள்ளையாகப் பால் ஒட்டியிருந்தது. அதிகாரியின் கண் அங்கே போவதற்குள், அமிர்தலிங்கம் ஓரடி முன்னால் வந்து, அவரை மறைத்தபடி இன்னும் தாழக் குனிந்தார்.