இரண்டாவது பொத்தான்

சலவைக்குப் போய்த் திரும்பிய சட்டையில் மேலிருந்து இரண்டாவது பொத்தான் இல்லை. கல்லில் அறைந்து துவைக்கிறவர்களுக்குப் பொத்தான் ஒரு பொருட்டா என்று மாஸ்டர் முதல் தடவை விட்டுவிட்டார். வெளியே இருந்தபோது தையல் கடை வைத்திருந்தவர் அவர். தூக்குத் தண்டனைக் கைதிகளை அடைத்து வைக்கும் இந்தப் பகுதியிலும் காவலர்கள் அவரை மாஸ்டர் என்றே கூப்பிட்டார்கள். அந்த மரியாதையை அவர் கேட்டு வாங்கவில்லை. ஆனால் அது கிடைக்காமல் போயிருந்தால் தாங்கியிருக்கமாட்டார்.

தூக்குக் கைதியின் கையில் ஊசி தங்கக்கூடாது. காவலர் கம்பி வழியாக ஊசியும் நூலும் பொத்தானும் கொடுத்துவிட்டு, தைத்து முடிக்கும்வரை அங்கேயே நின்று, ஊசியைத் திரும்ப வாங்கிக்கொண்டுதான் போவார்.

"போன வாரமும் இதே பட்டன்தானே மாஸ்டர்? உங்க சட்டையை நெஞ்சோட பிடிச்சு யாரு இந்த இழு இழுக்கறாங்க?" என்று காவலர் சிரித்தார்.

மாஸ்டர் சிரிக்கவில்லை. கல்லில் உடைந்த பொத்தான் என்றால் அரைத் துண்டாவது நூலில் தொங்கும். இது முழுசாகப் பிடுங்கப்பட்டிருந்தது. துணியிலும் சின்னக் கிழிசல். நூலிழைகள் எல்லாம் கீழ்நோக்கி வளைந்திருந்தன. எதிரே நின்ற யாரோ, இவரைவிடக் குள்ளமான யாரோ, கைக்குள் பற்றிக் கீழே இழுத்த மாதிரி.

அவர் பொத்தான் தைக்கும் முறை அவருடைய அப்பாவிடமிருந்து வந்தது. துணிக்கும் பொத்தானுக்கும் நடுவே நூலைச் சுற்றிக் கழுத்து கட்டும்போது எல்லோரும் வலப்பக்கமாகச் சுற்றுவார்கள். இவர் குடும்பத்தில் இடப்பக்கம். சட்டை நைந்து போனாலும் பொத்தான் விழாது என்பது அவருக்குப் பெருமை. அந்தப் பெருமைதான் அவரை இங்கே கொண்டுவந்து உட்கார வைத்தது.

சிறைக்கு வருவதற்கு முன் ஒருநாள் மாலை, அவருடைய தம்பி கடையிலிருந்து தாமதமாக வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் குளிக்கப் போனான். அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே துணியில்தான் சட்டை. தம்பியின் சட்டையில் இரண்டாவது பொத்தான் இருந்த இடத்தில் கிழிசல் இருந்தது. ஏன் என்று அவர் கேட்கவில்லை. தன் வீட்டு ஆண்பிள்ளை பொத்தான் இல்லாத சட்டையோடு தெருவில் நடப்பதா? விளக்கடியில் உட்கார்ந்து கிழிசலுக்கு இழை ஓட்டி, புதுப் பொத்தான் தைத்து, சட்டையை அதே ஆணியில் மாட்டிவிட்டுப் படுத்தார். மறுநாள் அவர்தான் கடையைத் திறந்தார். பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுக்க வந்துகொண்டிருந்த பெண் வெட்டு மேசைக்கு அடியில் கிடந்தாள். கழுத்தில் அளவு நாடா. மூடிய கைக்குள், நூல் கழுத்தோடு பிய்ந்த ஒரு பொத்தான்.

கடைச் சாவி அவரிடம் இருந்தது. நீதிமன்றத்தில் அந்தப் பொத்தானைக் காட்டி, இது உங்கள் தையலா என்று கேட்டார்கள். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். தன் கை வேலையைத் தன்னுடையதில்லை என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. "என் தையல்தான்" என்றார், நிமிர்ந்து நின்று. அவர் சட்டையில் எந்தப் பொத்தானும் குறையவில்லையே என்ற பேச்சு வந்தபோது, பிய்ந்த பொத்தானைத் திரும்பத் தைக்க ஒரு தையல்காரருக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று அரசு வக்கீல் கேட்டார். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவர் சொன்னதெல்லாம் ஒன்றுதான்: நான் செய்யவில்லை. யார் செய்தது என்று எத்தனை பேர் எத்தனை விதமாகக் கேட்டும் வாய் திறக்கவில்லை.

அவருக்கென்று ஒரு கணக்கு இருந்தது. தன்மேல் விழுந்தது பொய்க் கறை. பொய்க் கறை என்றாவது ஒருநாள் போய்விடும். தம்பிமேல் விழுந்தால் அது நிஜக் கறை. அந்த வீட்டு வாசலில் அது தலைமுறைக்கும் நிற்கும். கருணை மனு எழுதித் தருகிறேன் என்று வந்த வக்கீலையும் அதே விறைப்போடு திருப்பி அனுப்பினார். "தப்பு செஞ்சவன்தாங்க கருணை கேக்கணும்" என்றார்.

ஐந்தாவது தடவையும் பொத்தான் இல்லாமல் வந்தபோது, சட்டையைச் சலவைக்குக் கொடுக்க மாட்டேன் என்று உடம்பிலேயே வைத்துக்கொண்டார்.

மத்தியானங்களில் அந்தப் பகுதியில் சத்தமே இருக்காது. பக்கத்து அறையில் இருந்தவரை ஒரு விடிகாலையில் கூட்டிக்கொண்டு போனதிலிருந்து அது காலி. ஆனாலும் சுவருக்கு அந்தப் பக்கம் துணி உரசும் மெல்லிய சத்தமும், கத்தரி ஒரே இழுப்பில் நீளமாக வெட்டிக்கொண்டு போகும் சத்தமும் கேட்டன; சுண்ணாம்பும் பினாயிலும் நாறுகிற அறைக்குள், புதுத் துணியைப் பிரிக்கும்போது எழும் கஞ்சி வாசனையும் அதனடியில் வேர்வையில் நனைந்த தலைமுடியின் வாசனையும் மெதுவாக வந்து நிரம்பின. மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு, இது மனசு செய்கிற வேலை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

நெஞ்சருகே ஒரு சின்ன இழுப்பு.

கண்ணைத் திறக்கவில்லை. திறந்தால் மேசைக்கு அடியில் கிடந்த அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க வேண்டும். அவள் என்ன கேட்பாள் என்று அவருக்குத் தெரியும். அன்று தைத்தபோதே உங்களுக்குத் தெரியாதா, மாஸ்டர்?

தெரியும். கிழிந்த துணியை விரலால் தடவியபோதே ஏதோ தெரிந்திருந்தது. தெரிந்துதான் தைத்தார்.

இன்னொரு இழுப்பு. நூல் அறும் சத்தம்.

கண்ணைத் திறந்தபோது அறையில் யாருமில்லை. சட்டையில் பொத்தானும் இல்லை. தரை முழுக்கத் தடவிப் பார்த்தார். கிடைக்கவில்லை. சிறைக்கு வந்த நாளில்கூட வராத வெட்கம் அப்போது வந்தது. சட்டையின் இரண்டு பக்கத்தையும் கையால் இழுத்து மூடிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தார்.

தேதி குறித்துவிட்டார்கள் என்று சொன்ன வாரத்தில் தம்பி பார்க்க வந்தான். கூடவே மாஸ்டரின் மகள். தாயில்லாத பெண். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் அவன் நின்றான். அவர் தைத்துக் கொடுத்த அதே சட்டை. இரண்டாவது பொத்தான் அசையாமல் இருந்தது.

படிப்பு எப்படிப் போகிறது என்று மகளைக் கேட்டார். அவள் கழுத்தில் போட்டிருந்த அளவு நாடாவின் நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். கொலைகாரன் மகள் என்று வகுப்பில் எல்லோரும் தள்ளி உட்கார்ந்தார்கள், அதனால் நின்றுவிட்டேன் என்று கடைசியில் சொன்னாள்.

"இப்ப கடையிலதான்பா இருக்கேன். சித்தப்பா வெட்டக் கத்துத் தராரு. பகல்ல ஆளுங்க வராங்கல்ல, அதனால சாயங்காலம் ஷட்டரைப் பாதி இறக்கிட்டு."

மாஸ்டர் கண்ணாடியில் கையை ஊன்றினார். காஜா எடுக்க வந்த அந்தப் பெண்ணும் அவனிடம் அப்படித்தான் வெட்டக் கற்றுக்கொண்டாள். சாயங்காலம். ஷட்டர் பாதி இறங்கியபின்.

"வேண்டாம்மா. நீ அத்தை வீட்டுக்குப் போயிடு. இன்னைக்கே" என்றார். குரல் கண்ணாடியைத் தாண்டியதா என்று தெரியவில்லை.

தம்பி குனிந்து, அவள் தோளில் நழுவிய நாடாவை எடுத்துக் கழுத்தைச் சுற்றி ஒழுங்காகப் போட்டுவிட்டான். பாசமாகத்தான் செய்தான். அவனுடைய இன்னொரு கை, தன் சட்டையின் மூன்றாவது பொத்தானை உருட்டிக்கொண்டிருந்தது.

"கவலைப்படாதீங்கண்ணே" என்றான். "நீங்க காப்பாத்தின மானத்தை நான் விட்டுடுவேனா? வீட்டு விஷயம் வீட்டோட இருக்கும்."

நேரம் முடிந்தது என்று மணி அடித்தது. மகள் கையை ஆட்டிக்கொண்டே போனாள்.

அறைக்குத் திரும்பும் வழியெல்லாம் மாஸ்டர் பேசினார். இத்தனை வருடம் அடைத்து வைத்திருந்த பெயரைச் சொன்னார். சட்டை, ஆணி, விளக்கடி, தைத்த கை, எல்லாவற்றையும் சொன்னார். காவலர் நின்று கேட்டார். முகத்தில் கேலி இல்லை, அலுப்புதான் இருந்தது.

"இங்க இருக்கறவங்க தேதி வந்ததும் ஒரு பேரைச் சொல்லத்தான் செய்வாங்க, மாஸ்டர். நீங்க மட்டும் சொல்ல மாட்டீங்கன்னு நெனச்சேன். உங்க மேல ஒரு மரியாதை இருந்துச்சு."

"சாயங்காலம் ஆகுதுங்க. என் பொண்ணு..."

"காலையில அதிகாரி வருவாரு. சொல்றேன்."

காவலர் சலவைக்கென்று அவருடைய சட்டையைக் கழற்றச் சொல்லி வாங்கிக்கொண்டு, துவைத்து வந்த இன்னொன்றைக் கம்பி வழியாகத் தள்ளிவிட்டுப் போனார். வெளிக்கதவு சாத்தப்பட்டது. உயரே இருந்த சின்ன ஜன்னலில் வெளிச்சம் மஞ்சளாகி, சாம்பலாகி, தேய்ந்தது. எங்கோ ஒரு ஷட்டர் இறங்கும் சத்தம். பாதியில் நின்றது.

துணி உரசியது. கத்தரி நீளமாக ஓடியது. நின்றது.

அவர் மடிப்பைப் பிரித்தார். விரலால் தேடினார். முதல் பொத்தான் இருந்தது.

இரண்டாவதும் இருந்தது. அதன் கழுத்தில் நூல் இடப்பக்கமாகச் சுற்றியிருந்தது.

விரல் கீழே இறங்கியது.

மூன்றாவது இல்லை. அந்த இடத்தில் துணி கிழிந்திருந்தது. நூலிழைகள் கீழ்நோக்கி வளைந்து, இன்னும் ஈரமாக, இன்னும் மெதுவாக ஆடிக்கொண்டிருந்தன.