ஒரு சாண் தூரம்

கணவன் நீட்டிய கை தண்ணீர் டம்ளருக்கு ஒரு சாண் முன்னாலேயே நின்றது. விரல்கள் காற்றை மடக்கின. வெறுங்கையை வாய்க்குக் கொண்டுபோய், தொண்டை ஏறி இறங்க அவன் குடித்தான்.

"என்னங்க, காத்தைக் குடிச்சா தாகம் அடங்குமா?" என்று அவள் சிரித்தாள். அவன் திருதிருவென்று விழித்தான்.

கிடங்கில் பெட்டி தூக்கி அடுக்குகிற ஆள் அவன். இனி இயந்திரம்தான் தூக்குமாம். அதை ஓட்டிப் பழகுவதற்காகக் கண்ணில் ஹெட்செட்டை மாட்டி, இல்லாத கிடங்கில் இல்லாத பெட்டிகளைத் தூக்கச் சொல்கிறார்கள். "அதுல எதையும் தொடவே வேணாம். ஒரு சாண் தள்ளி விரலை மடக்கினா ஒட்டிக்கிட்டு வந்துடும். திறந்தா விழுந்துடும். கனமே தெரியாது" என்று முதல் நாள் அப்படிக் குதித்தான்.

பிறகு நடையும் மாறியது. குதிகால் தரையில் பதியாமல், எங்கே இடித்துக்கொள்வோமோ என்று அஞ்சுகிறவன்போல, சத்தமே இல்லாமல் அறைக்கு அறை வழுக்கிக்கொண்டு வந்தான். கூப்பிட்டால் தலை மட்டும் திரும்பும். உடம்பு யோசித்துவிட்டுப் பின்னால் வரும். அவன்மேல் அடிக்கும் வியர்வை வாடை போய், சூடேறிய பிளாஸ்டிக் வாடை வந்தது. கைக்குழந்தையை அவனிடம் கொடுப்பதை நிறுத்திவிட்டாள்.

"நான் அப்பன்டி. என்கிட்ட குடுக்கமாட்டியா?" என்று அவன் கேட்டபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அந்தக் குரல் மட்டும் அவனுடையதாகவே இருந்தது.

இன்று சாயங்காலம் அவசர அவசரமாகக் குளித்துவிட்டு ஓடி வந்தாள். தொட்டில் காலி.

பால்கனிக் கதவு திறந்திருந்தது. ஐந்தாவது மாடி. கீழே எங்கோ ஹாரன் சத்தம்.

அவன் முதுகு. கம்பிக்கு வெளியே நீட்டிய கைகள். காற்றை மடக்கிய விரல்கள்.

விரல்களுக்கு ஒரு சாண் அப்பால், எதுவும் தாங்காமல், குழந்தை. தூங்கியபடி. அதன் சட்டை காற்றில் படபடத்தது.

அவள் கத்தவில்லை. கத்தினால் திடுக்கிடுவான். திடுக்கிட்டால் விரல்...

கையெடுத்துக் கும்பிட்டாள். "அசையாதீங்க. உங்க கால்ல விழறேன். அப்படியே இருங்க."

தலை மட்டும் திரும்பியது. முகமெல்லாம் சிரிப்பு.

"இதுக்குப் போயா பயந்தே? இந்தா, நீயே புடி."

சுண்டுவிரல்கள் முதலில் திறந்தன.