பதினோரு மீட்டர் பிழை

போன மாதம் அழித்த புள்ளி படத்தில் மறுபடியும் சிவப்பாக நின்றது.

பழைய சர்வே படங்களைக் கணினியில் ஏற்றி, அவற்றிலுள்ள எல்லைக்கற்களைச் செயற்கைக்கோள் படத்தில் அதே கற்கள் நிற்கும் இடத்தோடு புள்ளி வைத்துப் பொருத்துவதுதான் லேகாவின் வேலை. கொல்லயில் என்ற ஊரின் படத்தில் நான்கு கற்கள் ஒழுங்காகப் பொருந்தின. செல்லசாமியின் கிணற்றோரக் கல்லுக்கான புள்ளி மட்டும் பதினோரு மீட்டர் பிழை காட்டியது. நேரில் போய்ப் பார்க்கச் சோம்பல்பட்டு அதை அழித்தாள். படம் நகர்ந்தது, கிணறு பக்கத்து நிலத்து ராஜப்பனுக்குப் போனது.

செல்லசாமி நடையாய் நடந்தார். "கல்லு கெணத்துக்குள்ள விழுந்து கெடக்கு மக்கா. ஒருக்கா வந்து பாரு."

"கல்லக் கொண்டு வந்து காட்டுங்க மாமா, பொறவு பாக்கலாம்."

அதற்கு இரண்டாம் நாள் போனில் கூப்பிட்டார். "கெணத்துக்குள்ள நிக்கேன் மக்கா. கல்லு கிட்டியாச்சு." அவருக்கு மேலே ராஜப்பனின் ஜேசிபி இரைவது போனில் கேட்டது. சோறு ஆறுகிறதென்று லேகா போனை வைத்துவிட்டாள். சாயங்காலம் மூடிய கிணற்றின் மேல் ராஜப்பன் வாழை நட்டார். செல்லசாமியை ஊரே தேடியது. வேலை போய்விடுமே என்று அவள் வாய் திறக்கவில்லை.

இந்த மத்தியானம் மழை ஓட்டில் அடித்துக்கொண்டிருக்க, சாத்திய சன்னலையும் மீறிக் கிணற்றுச் சேற்றின் வாடை மேசைவரை வந்து நிற்க, வீட்டு உள்ளறையில் நான்கு வயது மகள் நீது தூங்கிக்கொண்டிருக்க, லேகா அந்தப் புள்ளியை மறுபடி அழித்தாள்.

திரும்ப வந்தது. கிணற்றில் அல்ல, ரோட்டில். பிழை எட்டு மீட்டர்.

அழித்தாள். சர்ச் வளைவில் நின்றது. ஐந்து.

அழித்தாள். அவள் வீட்டு வாசல். ஒன்று.

கணினியை நிறுத்தினாள். திரை அணையவில்லை. புள்ளி கூரைமேல் ஏறியது. உள்ளறைக்கு நேராக நின்றது.

பூஜ்யம்.

"அம்மா," உள்ளிருந்து நீது கூப்பிட்டாள். "ஒரு மாமா வந்திருக்காரு. கல்லு கொண்டு வந்திருக்காரு ஆக்கும்."

லேகா ஓடினாள்.

கட்டில் காலி. பக்கத்தில், சிமெண்டுத் தரையில், சேறு வழியும் எல்லைக்கல் ஒன்று ஊன்றி நின்றது. சுற்றிலும் ஒரு கீறல் இல்லை.

தரைக்கு அடியில், வெகு ஆழத்தில், நீதுவின் வளையல் தட்டிக்கொண்டிருந்தது.