இஸ்திரிக்காரியின் குரல்

தையல் கூடத்தில் அப்போது இருந்தவர்கள்: காஜா எடுப்பவள், காலர் தைக்கும் இருவர், நூல் பிசிறு வெட்டுபவள், பலகைத் தடுப்புக்குப் பின்னால் மேஸ்திரி. இஸ்திரிக்காரி இல்லை. இருமி இருமிச் சுருண்டவளைப் போன வாரம் அவளுடைய போர்வையிலேயே சுற்றித் தூக்கிப் போனார்கள். முகத்தையும் சேர்த்து மூடியிருந்தார்கள்.

ஆனால் அவள் பேசிக்கொண்டிருந்தாள்.

ஜன்னல்களில் கறுப்புப் பெயின்ட் அடித்து, பகலா இரவா என்றே தெரியாத அந்தக் கூடத்தில், மிஷின் எண்ணெய் நாற்றத்துக்கும் கருகிய துணி வாடைக்கும் நடுவே, தடுப்பைத் தாண்டி அவள் குரல் வந்தது.

"தம்பி, காய்ச்சல் விட்டுதா? அம்மா நல்லா இருக்கேன்டா."

மூக்கால் சிரிக்கும் அதே சிரிப்பு. இருமல் மட்டும் இல்லை.

காஜாக்காரி ஓரக்கண்ணால் பார்த்தாள். இஸ்திரிப் பெட்டி சில்லிட்டுக் கிடந்தது. யாரும் தலை தூக்கவில்லை.

வந்த அன்றே மேஸ்திரி எல்லாருடைய போனையும் பாஸ்போர்ட்டையும் வாங்கிப் பூட்டிவிட்டான். வாரம் ஒருமுறை அவன் போனில், அவன் முன்னால் நின்று, வீட்டுக்குச் சௌக்கியம் என்று பேசிப் பதிய வேண்டும். இன்று காஜாக்காரியின் முறை. தங்கையையும் வேலைக்கு வரச் சொல் என்றான். அவள் வாயைத் திறக்கவில்லை. அடிக்குக் காத்து நின்றாள். அவன் அடிக்கவில்லை.

"வேணாம்னா விடும்மா. உன் குரல்தான் எங்கிட்ட வேண்டிய மட்டும் இருக்கே."

இடத்துக்குத் திரும்பி உட்கார்ந்தாள். தடுப்புக்குப் பின்னால் யாரோ பேசினார்கள்.

காஜாக்காரியின் குரலேதான்.

"பாப்பா, பயப்படாம வா. நான் இருக்கேன்ல."

ஒருநாளும் அவள் சொல்லாத வார்த்தைகள். மிஷினை மிதித்தாள். சத்தம் போதவில்லை.

"வரும்போது எனக்கு ஒரு போர்வை எடுத்துட்டு வா."

தொண்டையைத் தொட்டுப் பார்த்தாள். அசையவில்லை.

வராதே என்று கத்தினாள். தொண்டை கட்டும்வரை. மேஸ்திரி தடுக்கக்கூட இல்லை.

சில நாளில் இரும்புக் கதவு திறந்தது. வெளிச்சம். கண் கூசியது. வாசலில் தங்கை. மார்போடு அணைத்த புதுப் போர்வை.

"என்னக்கா, குரலைக் கேட்டுக் கொழுத்திருப்பியோன்னு நெனச்சேன். இப்படி எலும்பும் தோலுமா நிக்கறியே."

ஓடு. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

தடுப்புக்குப் பின்னாலிருந்து காஜாக்காரியின் குரலே முந்திக்கொண்டது.

"உள்ள வா பாப்பா."

தங்கை எதிரே நின்றவளைத் தாண்டி, அந்தக் குரலைப் பார்த்துச் சிரித்தாள். உள்ளே கால் வைத்தாள்.

அவளுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. பூட்டு விழுந்தது.